மைக்கில் சொன்ன முகவரி

ஹென்னிங் போல்டே என் கைபேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் புருஷன் இதுக்குள்ளதான் குடியிருக்கான்" என்றான். ஹென்னிங்கை எனக்கு அன்றுதான் தெரிய வந்தது.

என் கணவனை விட்டு லீர்ஹாஃபன் என்ற ஊருக்கு வந்து நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் வேறு மாநிலத்தில் போலீஸ். நான் எந்த ஊருக்குப் போனாலும், வேலை முடிந்து வெளியே வரும்போது எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அடிக்கக்கூட மாட்டான். பார்த்துவிட்டுப் போவான். வீடு மாற்றினேன், எண் மாற்றினேன், ஊரே மாற்றினேன். கைபேசியை மட்டும் மாற்றவில்லை. அது அவன் எனக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது.

என் கணவன் அதற்குள் ஒளித்து வைத்திருந்த வேவுச் செயலியை ஹென்னிங் உடனே நீக்கவில்லை. "சட்டுனு அணைச்சா அவனுக்குச் சந்தேகம் வந்துடும். கொஞ்சம் ஊர் சுத்திட்டு வரட்டும்" என்று சொல்லி, கைபேசியை அப்படியே தன் நண்பன் ஓட்டும் லாரியில் வைத்து அனுப்பிவிட்டான். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உன் புருஷன் இப்போ போர்ச்சுகல்ல மீன் சந்தைக்கு எதிர்ல நிக்கிறானாம்." பல மாதங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்படித்தான் நான் 'மூடிய உறை' சங்கத்தில் சேர்ந்தேன். தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த கெசீனே ஓல்ட்மன்ஸ் ஆரம்பித்த சங்கம் அது. செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம், மூடிப்போன ஒரு செருப்புக் கடையில் மேஜை போட்டு உட்காருவோம். யார் வேண்டுமானாலும் கைபேசியோடு வரலாம். செய்திகளை எப்படிப் பூட்டி அனுப்புவது, யார் வேவு பார்க்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொடுப்போம். பெயர் கேட்க மாட்டோம். வந்தவர்கள் எழுதிய செய்திகளைக் கடத்திவிடும் ஒரு கணினி மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். யார், எங்கிருந்து என்ற தடயம் எதையும் அது வைத்துக்கொள்ளாது. அந்த நிரலை எழுதியவன் ஹென்னிங். சங்கத்துக்குள் எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் அழைப்போம். கெசீனேவுக்கு அறுபது வயதானாலும் அவளும் 'நீ'தான்.

"உனக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் கெசீனே ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "குளிக்கறப்ப கதவைச் சாத்துறியே, உள்ள என்ன கொலையா பண்ற?"

அந்த வருஷம் மாநில அரசு ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தது. நீதிபதியின் உத்தரவு இல்லாமலே, வழக்கு எதுவும் இல்லாதவர்களின் கைபேசிக்குள்ளும் போலீஸ் ஒரு நிரலை ஏற்றிப் படிக்கலாம் என்றது அந்த வரைவு. அதைப் படித்ததும் எனக்கு என் கணவனின் வண்டிதான் கண்முன் வந்தது. சங்கம் கையெழுத்து திரட்டியது. வழக்கறிஞர்கள் குறிப்பு எழுதினார்கள். கெசீனே சட்டமன்றக் குழுவின் முன் போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஒன்றும் நகரவில்லை.

வாக்கெடுப்புக்கு முன்னால் சந்தைச் சதுக்கத்தில் கூட்டம் போட முடிவு செய்தோம். அதைத் திட்டமிடக் கூடியபோதே ஹென்னிங் சரியாக இல்லை.

"இத்தனை பேர் கையெழுத்துப் போட்டாங்களே, அதுல ஒரு பக்கமாவது புரட்டிப் பாத்திருப்பாங்களா?" என்றான்.

"பாக்கலைன்னா நீதிமன்றம் இருக்கு" என்றாள் கெசீனே. "போன சட்டத்தை அங்கதானே உடைச்சோம்?"

"ஆறு வருஷம் கழிச்சு! அதுக்குள்ள எத்தனை பேரைப் படிச்சு முடிச்சாங்க?"

"ஆறு வருஷம் ஆச்சு. ஆனா உடைஞ்சதா இல்லையா?"

"நீ கணக்கு வாத்தியார். உனக்குப் பொறுமை சம்பளத்துலயே சேந்து வருது" என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். கெசீனேயும் சிரித்தாள். பேச்சு அதோடு வேறு பக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை தூறல். இருந்தும் நானூறு பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். நகரமன்றப் படிக்கட்டில் மேடை. நான் ஓரத்துக் கடையில் மீன் வைத்த ரொட்டி ஒன்றை வாங்கிக் கடித்துக்கொண்டு நின்றேன். கெசீனே பேசி முடித்ததும் ஹென்னிங் ஏறினான். அந்த வேவு நிரல் எப்படி வேலை செய்கிறது என்று பாமரருக்கும் புரியும்படி சொல்வதுதான் அவன் வேலை. அழகாகத்தான் ஆரம்பித்தான். குழந்தைகள்கூடக் கேட்டார்கள். பிறகு தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இந்தச் சட்டம் வானத்துல இருந்து விழல. ஒரு ஆளு உக்காந்து எழுதினது. உள்துறையில இருக்கற அல்முட் ரெஹ்பைன். அவங்க நம்ம ஊர்தான். எர்லென் தெரு, பதினொண்ணு. நம்ம வீட்டுக்குள்ள நுழையறவங்க வீட்டுக்கு நாமளும் போவோம். மனு குடுத்தெல்லாம் ஓஞ்சாச்சு. பயம்னா என்னன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும். கொஞ்சம் சூடு பட்டாத்தான் இந்த அரசாங்கத்துக்கு உறைக்கும்!"

சிலர் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் விசிலடித்தார். தெருப் பெயர், வீட்டு எண். மைக்கில் சொல்கிறான். எங்கள் மேடையில் நின்று சொல்கிறான்.

கெசீனே மேடைக்குப் பின்னால் போய் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினாள். அவன் வாய் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே சண்டை ஆரம்பித்தது.

"என் பேச்சையே வெட்டுறியா? தணிக்கைக்கு எதிரா இத்தனை வருஷம் கத்தினது யாரு, நீதானே?"

"பேச்சுன்னா வெட்டியிருக்க மாட்டேன். நீ ஒருத்தரைக் கைகாட்டி விட்ட."

"அது டெலிபோன் புத்தகத்துலயே இருக்கு, கெசீனே!"

"அப்ப மைக்ல எதுக்குச் சொன்ன?"

அவன் என் பக்கம் திரும்பினான். நானாவது தன் பக்கம் நிற்பேன் என்று எதிர்பார்த்திருப்பான்.

"என் வீடு எங்க இருக்குன்னு ஒருத்தனுக்குத் தெரியாம இருக்கத்தானே அவ்வளவு பாடுபட்ட. இன்னைக்கு இன்னொரு பொம்பளை வீட்டை ஊரறியக் கூவிட்டியே, ஹென்னிங்."

"அது வேற, ஃப்ராவ்கே. உன் புருஷன் தன் அதிகாரத்தை வெச்சு உன்ன மிரட்டினான். இவ எல்லாரையும் மிரட்டறதுக்குச் சட்டம் எழுதறா. பலமுள்ளவனை எதிர்க்கறதும் பலமில்லாதவளைத் துரத்தறதும் ஒண்ணா?"

அவன் நடிக்கவில்லை. மனதார நம்பித்தான் சொன்னான். அதனால்தான் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது வானொலியில் சொன்னார்கள். முந்தைய இரவு எர்லென் தெருவில் ஒரு வீட்டின் கார் கொட்டகைக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். அல்முட்டின் கணவர் டீட்மார் ரெஹ்பைனுக்கு, குழந்தைகளின் சைக்கிள்களை வெளியே இழுக்கப் போய், இரண்டு கைகளும் வெந்துவிட்டன. அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. அன்று முதலாவதாக வந்த கிழவருக்கு நான் வேறொருவருடைய கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டேன். "எல்லாம் கலங்கலாத் தெரியுதே அம்மா" என்றார் அவர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நாங்கள் மேஜை போட்டுக்கொண்டிருக்கும்போதே புலனாய்வுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். இருவரில் பேசியது பெண் அதிகாரிதான், பெயர் பென்னிங். அடக்கமான குரல்.

"இங்க வர்றவங்க பேரு எங்களுக்கு வேணும்."

"எங்ககிட்டயே கிடையாது" என்றாள் கெசீனே. "சனிக்கிழமை ஹென்னிங் என்ன சொன்னான்னு கேளுங்க, எழுத்துக்கு எழுத்து சொல்றேன். சதுக்கத்துல மைக் வெச்சுச் சொன்னதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. கோர்ட்டுக்கு வந்தும் சொல்றேன். ஆனா செவ்வாய்க்கிழமை இந்த நாற்காலியில யார் யார் உக்காந்தாங்கன்னு கேக்காதீங்க. ஞாபகம் இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

"ஒருத்தர் கை வெந்து ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. நீங்க உங்க ஆளைக் காப்பாத்தப் பாக்கறீங்க."

"அவனை இல்ல. போலீஸ்காரப் புருஷன்கிட்ட இருந்து தப்பிச்சு வந்தவளை."

சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குனிந்து மேஜையின் காலைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பென்னிங் நீதிபதியின் உத்தரவோடு திரும்பி வந்து மூலையில் இருந்த கணினியைத் தூக்கிக்கொண்டு போனார். கெசீனே தடுக்கவில்லை. "உத்தரவு வாங்கிட்டு வந்தீங்க பாருங்க, நாங்க கேக்கறதே இதைத்தான்" என்று சொல்லி ஒயரைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். அதற்குள்ளே ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்த நிரலை ஹென்னிங் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான்.

வார இறுதியில் சங்கத்துப் பொதுக்குழு கூடியது. ஹென்னிங் சவரம் செய்யாத முகத்தோடு வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். தீ வைத்தது அவன் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஞாயிறு முழுக்க அவன் கீல் நகரத்தில் அக்கா வீட்டில் இருந்தான்.

"நான் நெருப்பு வைக்கல" என்றான்.

"வைக்கல" என்றாள் கெசீனே. "வழி சொல்லி அனுப்பின. நாளைக்குப் பத்திரிகையில போய், நான் சொன்னது தப்பு, அந்த மாதிரி யாரும் செய்யாதீங்கன்னு சொல்லு. அதுக்கப்புறம் நீ எங்கயும் போக வேண்டாம், இங்கயே இரு."

"இப்ப மன்னிப்பு கேட்டா அவங்க ஜெயிச்ச மாதிரி. அவர் கைக்கு நான் வருத்தப்படறேன். ஆனா அவங்க கொண்டுவர்றது அதைவிடப் பெரிய தீ."

"ஒரு கொட்டகைதானே எரிஞ்சுது" என்றான் ஓக்கோ என்ற உறுப்பினர். "வரலாறுன்னு எடுத்துப் பாத்தா எந்த உரிமையும் மனு குடுத்து மட்டும் வரல."

"கை எரிஞ்சிருக்கு" என்றாள் கெசீனே. குரல் உயரவில்லை. "நாம இங்க கத்துக்குடுக்கறது பூட்டு போட. கன்னம் வைக்க இல்ல. பூட்டு போடறவங்க எல்லாம் தீவெட்டிக் கொள்ளைக்காரங்கதான்னு அவங்க இத்தனை நாளா சொல்லிட்டு வந்தாங்க. பொய்னு ஊருக்கே தெரிஞ்சிருந்தது. சனிக்கிழமை நீ அதுக்கு மேடை போட்டுச் சாட்சி சொல்லிட்ட."

அவனை நீக்குவதா என்று வாக்கு கேட்டார்கள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. நானும் தூக்கினேன்.

ஹென்னிங் என்னையே பார்த்தான். "நீயும் தூக்கறியா, ஃப்ராவ்கே?"

"தூக்கியாச்சு" என்றேன்.

அவன் எழுந்து வெளியே போனான். கூடவே ஓக்கோவும் இன்னும் சிலரும் போனார்கள். வீட்டுக்கு வந்து, அவன் எனக்கு அமைத்துக் கொடுத்த புதுக் கைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். எனக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தவன் அவன். அதில் மாற்றம் இல்லை. நான் கை தூக்கியதிலும் மாற்றம் இல்லை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மாதம் ஒரு வகுப்புக்கு இடம் கொடுத்துவந்த நூலகம் இனி வேண்டாம் என்றது. எங்கள் கண்ணாடிக் கதவில் யாரோ 'கொளுத்திகள்' என்று சாயத்தால் எழுதிவிட்டுப் போனார்கள். நாங்கள் சுரண்டிவிட்டு மறுபடியும் மேஜை போட்டோம்.

அப்படி ஒரு செவ்வாயன்று, மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்தார். முறை வந்ததும் என் மேஜைக்கு வந்து கைபேசியை வைத்தார். பத்திரிகையில் பார்த்த முகம். அல்முட் ரெஹ்பைன்.

"இங்க பேரு கேக்க மாட்டீங்கன்னாங்க" என்றார்.

"கேக்க மாட்டோம்."

"நாள் பூரா மிரட்டல் வருது. என் பொண்ணு எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கறான்னு எழுதறாங்க. எங்க நிக்கறேன்னு எழுதறாங்க. நம்பரை மாத்துங்கன்னு போலீஸ்ல சொன்னாங்க. மாத்தினேன். ரெண்டு நாள்ல புது நம்பருக்கும் வந்துடுச்சு. வேற எங்க போறதுன்னு தெரியல."

நான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மகளோடு பகிர்ந்திருந்த, இணையத்தில் படம் போடும் ஒரு கணக்கின் வழியாக அவருடைய எண்ணும் அவர் நிற்கும் இடமும் பொதுவில் போய்க்கொண்டிருந்தன. அதை அடைத்தேன். பூட்டிய செய்திகள் அனுப்பும் முறையைப் போட்டுக் கொடுத்தேன். ஊரில் குடியிருப்பவர்களின் பதிவேட்டிலிருந்து யார் கேட்டாலும் முகவரியைக் கொடுக்காமல் இருக்கத் தடை வாங்கலாம் என்று சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானே வாங்கியிருக்கேன்."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "இப்போ உங்களுக்குப் போட்டுக் குடுத்த பூட்டு இருக்கே, உங்க வரைவு உடைக்கப் போறது இதைத்தான்."

"தெரியும். எழுதினது நான்தானே." கோபப்படவில்லை. "இப்பவும் அது வேணும்னுதான் நினைக்கறேன். அந்தச் சட்டம் இருந்திருந்தா என் வீட்டுக்காரர் கையை எரிச்சவனை இதுக்குள்ள புடிச்சிருக்கலாம்."

"அந்தச் சட்டம் இருந்திருந்தா என் வீட்டுக்காரன் என்னையும் புடிச்சிருப்பான். அவன் போலீஸ்."

வாதத்தில் ஜெயித்ததாக எனக்குத் தோன்றவில்லை. எதிரே இருந்தவருக்குத் தூக்கம் இல்லாத கண்கள். கெசீனே மூன்று கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தாள்.

"எங்க மேடையில இருந்து உங்க வீட்டைச் சொன்னது எங்களுக்கு அவமானம். பத்திரிகையில சொல்லிட்டோம், நேர்லயும் சொல்லணும். அதுக்காகச் சட்டத்தை எதிர்க்கறதை விட மாட்டோம். வழக்கும் போடுவோம்."

"போடுங்க" என்றார் ரெஹ்பைன். "அதுக்குத்தானே கோர்ட் இருக்கு." தேநீரைப் பாதி குடித்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "பூட்டு எப்படித் திறக்கறதுன்னு இன்னொரு தடவை காட்டுங்க" என்றார். காட்டினேன்.

தீ வைத்தவரை இலையுதிர்காலத்தில் பிடித்தார்கள். லுட்கர் என்ற கூரை வேலைக்காரர், நாற்பது சொச்சம் வயது. எந்த வேவு நிரலும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. மதுக்கடையில் தானே பெருமையடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் போலீஸுக்குத் தகவல் கொடுத்தார். கைபேசியைப் பூட்டக்கூடத் தெரியாதவர் அவர். எங்கள் செருப்புக் கடைக்குள் கால் வைத்ததே கிடையாது. குடித்துவிட்டு ஓட்டியதால் அவருடைய உரிமத்தைப் பறித்திருந்தார்கள். அந்த ஆத்திரத்தோடு சதுக்கம் வழியாகப் போனவர் ஹென்னிங் பேசியதைக் கேட்டு நின்றிருக்கிறார். விசிலடித்ததும் அவர்தான்.

விசாரணையில் நீதிபதி, "அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?" என்று கேட்டார்.

"சட்டமெல்லாம் தெரியாதுங்க. சூடு வைக்கணும்னு அவர் சொன்னாரு. படிச்ச மனுஷன் மைக்ல சொல்றாரேன்னு நினைச்சேன்."

ஹென்னிங்கின் தலை அப்போதுதான் குனிந்தது. குற்றம் செய்யப் பொதுவில் தூண்டியதாக அவன் மேலும் வழக்கு. கெசீனே சாட்சி சொன்னாள். பிறகு நான் கூண்டில் நின்றேன். தெருப் பெயர், வீட்டு எண், 'சூடு பட்டாத்தான்' எல்லாம் சொன்னேன். "அவர் உங்களுக்கு வேண்டியவரா?" என்று அவனுடைய வக்கீல் கேட்டார். "ரொம்ப வேண்டியவர்" என்றேன். அவன் எனக்குச் செய்ததையும் சொன்னேன். என் கதை அவ்வளவு பேர் முன்னால் வெளியே வந்தது அதுதான் முதல்முறை. லுட்கருக்குச் சிறை. ஹென்னிங்குக்கு எட்டு மாதம். ஆனால் நன்னடத்தையின் பேரில் உள்ளே போக வேண்டியதில்லை என்று தீர்ப்பானது.

வெளியே வந்தபோது அவன் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த வண்டிக்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை நீட்டினான். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"சரியாக் கேக்கலன்னு சொல்லியிருக்கலாம் நீ" என்றான்.

"கேட்டுச்சே, ஹென்னிங்."

அவன் இன்னொன்றை எடுத்து மென்றான். பிறகு கேட்டான்: "அவர் கை இப்ப எப்படி இருக்கு?"

"இடது கை பரவால்ல. வலது கையில ரெண்டு விரல் மடங்கல. அவர் செடிப் பண்ணையில ஒட்டுக் கட்டற வேலை பாத்தவர். இப்போ அலுவலகத்துல உக்கார வெச்சிருக்காங்களாம்."

அவன் பொட்டலத்தை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டான். "அவருக்கு ஏதாவது எழுதலாம்னு இருக்கேன். என்ன எழுதறதுன்னுதான் தெரியல. எழுதினா வாங்குவாரா?"

"தெரியாது. வாங்கலன்னா திரும்ப எழுதாத."

தலையாட்டினான். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டான். எழுதினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சட்டம் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்ற வரி கடைசி நேரத்தில் சேர்ந்திருந்தது. அது ரெஹ்பைன் சொல்லி வந்ததா, எதிர்க்கட்சி இழுத்து வந்ததா என்று தெரியவில்லை. அவர் அந்தத் துறையை விட்டுச் சாலைப் போக்குவரத்துக்கு மாறிக்கொண்டார். அந்த ஒரு வரி போதாது என்று அரசியல் சாசன நீதிமன்றத்தில் நாங்கள் போட்ட வழக்கு நடக்கிறது. எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால் கெசீனே தோளைக் குலுக்குகிறாள்.

பறித்துக்கொண்டு போன கணினியை அடுத்த கோடையில் திருப்பிக் கொடுத்தார்கள். ஓக்கோவும் நானும் அதைத் தூக்கி வந்து மூலையில் வைத்தோம். ஆமாம், ஓக்கோ திரும்பி வந்துவிட்டான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒயர்களைச் செருகி முடிப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள். கைபேசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.